சுகர் மாத்திரை என்ற பெயர்

மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருக்கிற இடம் என்பதால் முகப்பேர் மருந்துக்கடைகளுக்கு இதயநோய்ச் சீட்டுகள் புதிதல்ல. சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் "இது சுகர் மாத்திரைங்க" என்பார்கள். 'எனக்குத்தான் சுகரே இல்லையே' என்று அதை ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. என் சண்டை அந்தப் பெயரோடுதான்.

மாத்திரை செய்யும் வேலையைப் பாருங்கள். சிறுநீரக நுண்குழாயில் சர்க்கரையும் உப்பும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து ரத்தத்துக்குத் திரும்பும். இது அந்த வாசலை அடைக்கிறது. கீழே உப்பு கூடுதலாக வந்ததும், வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனி சற்றுச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அதனால்தான் முதல் சில வாரம் கிரியேட்டினின் லேசாக ஏறும். அதைப் பார்த்துப் பயந்து, டாக்டரைக் கேட்காமலே நிறுத்துகிறவர்கள் வேறு.

இதயத்துக்கு எப்படி உதவுகிறது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. உதவுகிறது என்பதில் இல்லை. 2019-இல் வெளிவந்த டாபா-ஹெச்எஃப் ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 4,744 பேர். பாதிக்கு மேல் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். பலன் அவர்களுக்கும் அதே அளவுதான்.

இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. கவரில் 'இதயம், சிறுநீரகம்' என்று தமிழில் ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தால் என்னவாம்?