சுஜாதாவின் ஜீனோ கதைகள்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய அறிவியல் புதினங்கள் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தவை. ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியாவே கதைக்களம். அங்கே மக்களின் பெயர் இரண்டெழுத்தில்தான் இருக்கும். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாகிறது ஜீனோ என்ற இயந்திர நாய்.

கருவிகளின் புதுமை சில அத்தியாயங்களில் பழகிவிடும். வாசகரை இறுதிவரை இழுத்துச் செல்வது ஜீனோவின் வளர்ச்சியே. மனிதர்கள் கட்டளைக்குப் பழகி இயந்திரமாகிவிட்ட நாட்டில், ஓர் இயந்திரம் புத்தகம் படித்துச் சிந்திக்கப் பழகுகிறது. இரண்டாம் நூலில் திருப்பங்கள் மிகுந்து நிலாவின் பாத்திரம் வலுவிழப்பது குறையே. ஆயினும், சிந்திக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டால் நாம் என்ன ஆவோம் என்ற கேள்விக்காக, இன்றைய மாணவர்கள் இரண்டையும் வரிசையாகப் படிக்க வேண்டும்.