வேதாளமும் முருங்கை மரமும்: தொடர்கதைக் காத்திருப்பின் சமூகவியல் பற்றிச் சில குறிப்புகள்

தொடர்கதை வாசிப்பைப் பற்றி எழுதுவோர், வாசகன் இதழைக் கையிலெடுக்கும் கணத்திலிருந்தே தமது ஆய்வைத் தொடங்குவது வழக்கம். அக்கணத்திற்கு முன்னர் அவன் காத்திருந்தான் என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மாதம் ஒருமுறை வெளிவரும் கதையொன்றை வாசிக்க அரைமணி நேரம் போதும். எஞ்சிய நாட்களெல்லாம் அடுத்த இதழை எதிர்நோக்கும் நாட்களே. எனவே தொடர் இலக்கியத்தின் சமூகப் பணியை மதிப்பிட முற்படுவோர் இக்காத்திருப்பையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளல் வேண்டும். அதனைத் தோற்றுவிப்போர் யார்? வாசகர் எதற்காகக் காத்திருக்கின்றனர்? காத்திருக்கும் பொழுதில் அவர்களிடமிருந்து எது மறைக்கப்படுகின்றது? தமிழ் வாசகர் நன்கறிந்த மாயக்கதைத் தொடரொன்றை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய முனைகின்றோம். 'அம்புலிமாமா' சஞ்சிகை வெளியிட்டுவந்த விக்கிரமாதித்தன் - வேதாளம் கதைகளே அத்தொடராகும்.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இச்சஞ்சிகை, காலப்போக்கில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பரவியது. அதன் வேதாளக் கதைகளுக்குரிய மூலம் பழமையானது. பதினோராம் நூற்றாண்டிற் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த 'கதாசரித்சாகரம்' வேதாளம் கூறும் 25 கதைகளையும் உள்ளடக்கியது. வடமொழியிற் சிம்சுபா மரத்திலே தொங்கிய பிணம், தமிழிற் கொல்லைப்புறத்து முருங்கை மரத்திற்கு இடம்பெயர்ந்தது. 'வேதாளம் மீண்டும் முருங்கை மரத்தில் ஏறிற்று' என்பது மக்கள் வழக்காயிற்று. ஓர் அரசவைக் கதை சாதாரண மக்களின் உடைமையாக மாறியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கதையினை நகைச்சுவையாகக் கொள்ளலாமா என வினவுவோர் உளர். சட்டகக் கதையைச் சற்று ஊன்றி நோக்குவோம். பேரரசன் ஒருவன் நள்ளிரவிற் சுடுகாட்டிலே பிணமொன்றைத் தோளிற் சுமந்து நடக்கின்றான். அவன் வாய்திறந்தாற் சுமை மரத்திற்குத் திரும்பிவிடும்; விடை தெரிந்தும் பேசாதிருந்தால் அவனது தலை சுக்குநூறாகும். அறிவுடையவனாக இருப்பதே அவனுக்குத் தண்டனையாகின்றது. சங்கர் என அறியப்பட்ட ஓவியர் கே. சி. சிவசங்கரனின் (2020 இற் காலமானார்) சித்திரத்திற் பல தலைமுறையினர் கண்டது, உருவிய வாளும் தோளிற் சடலமுமாக நடக்கும் அம்மன்னனையே. அதிகாரம் சுமைகூலியாகும் இத்தலைகீழ் மாற்றத்திலேயே கதையின் நகை பிறக்கின்றது.

கண்டி நகரைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய தோட்டப்புறங்களில் இச்சஞ்சிகையை வாசித்த சிறுவரின் நிலையிலிருந்து நோக்குகையில் இதன் பொருள் மேலும் துலங்கும். இத்தீவின் வணிகத் தேயிலைச் செய்கை 1867 இற் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்திலேயே தொடங்கியது. அன்று தொட்டு இம்மலைகளிற் சுமை என்பது உவமையன்று. கொழுந்துக் கூடையாக அன்றாடம் முதுகில் ஏறும் பொருள். தாயின் முதுகிற் சுமையைக் கண்டு வளரும் பிள்ளை, மன்னனின் தோளிற் சுமையைக் கண்டு சிரிப்பதை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிட முடியாது.

அவர்களின் காத்திருப்பிற்கும் பொருளியல் அடிப்படை உண்டு. ஓர் இதழ் ஒரு வீட்டின் தனியுடைமையாக இருப்பது அரிது. கைமாறிக் கைமாறி லயம் முழுவதையும் சுற்றிவருவதே இயல்பு. 1970 இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்திலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அடுத்த இதழ் வருமா என்பதே ஐயத்திற்குரியதாயிற்று. 1954 இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதன் சார்பாளரும் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்தை எதிர்த்தமை வரலாற்று நியாயமுடையது. ஈழத்து நூல் வெளியீடு வளர்வதற்கு அது துணைபுரிந்தது. எனினும், அச்சஞ்சிகைகளுக்காக எளிய வாசகர் ஏன் காத்திருந்தனர் என்ற வினா அவ்விவாதங்களில் உரிய இடம் பெறவில்லை. வாசகரின் விருப்பத்தை வெறும் மயக்கமென்று கொள்வது பொருள்முதல்வாத ஆய்வாகாது.

இனி, தொடரின் உருவத்திற்கு வருவோம். மூலக்கதைக்கு ஒரு முடிவு உண்டு. இறுதி வினாவிற்கு மன்னனால் விடை கூற இயலவில்லை, அவன் மௌனமாகின்றான். அப்போதுதான் வேதாளம் உண்மையை வெளியிடுகின்றது. எவனுடைய ஏவலால் மன்னன் இரவெல்லாம் பிணம் சுமந்தானோ, அத்துறவியே அவனைப் பலியிடக் காத்திருக்கின்றான். உண்மையறிந்த மன்னன் துறவியை வெட்டி வீழ்த்துகின்றான். யாருக்காக உழைக்கின்றோமோ அவனே நம் உயிரைக் கவர நிற்கின்றான் என்ற அறிவை நோக்கியே 25 கதைகளும் நகர்கின்றன. வேதாளத்தின் தொல்லைகள் யாவும் அவ்வறிவிற்கான பயிற்சியேயாகும்.

சஞ்சிகையிலோ மூலத்தின் கதைகள் தீர்ந்த பின்னரும் தொடர் நிற்கவில்லை. அதே தொடக்கமும் அதே முடிவும் பேணப்பட, இடையிலே மாதந்தோறும் புதிய கதைகள் புனைந்து செருகப்பட்டன. நூற்றுக்கணக்கான மாதங்களாக வாசகர் கண்டது மரத்திற்குத் திரும்பும் வேதாளத்தையே. துறவி சுடுகாட்டின் மறுகோடியிற் காத்திருந்தான். ஆயின் மன்னன் அவனிடம் சென்றடையவில்லை. காரணம் எளிது. முடிந்த கதை அடுத்த இதழை விற்காது. சந்தையின் தேவை கதையின் உருவத்தை நிர்ணயித்தது. உருவம் உள்ளடக்கத்தின் கூர்மையான பகுதியை ஒத்திவைத்தது. சுரண்டுவோன் யார் என்ற அறிவே இங்கு மாதந்தோறும் பின்போடப்பட்டது என்பது எமது முடிபு.

இவ்வுற்பத்தியின் உண்மை முகம் வாசகர்க்கு வெளிப்பட்ட சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 1998 இற் தொழிற் பிணக்கொன்றின் காரணமாகச் சஞ்சிகை வெளிவருவது தடைப்பட்டது. மாயக்கதையின் பின்னால் அதனை ஆக்கும் உழைப்பாளர் உளர் என்பதை அந்த வெறுமையே உணர்த்தியது. பின்னர் மீண்டும் வெளிவந்த சஞ்சிகை, 2007 இல் மும்பை மென்பொருள் நிறுவனமொன்றின் கைக்கு மாறி, 2013 உடன் நின்றுபோயிற்று. தொடரை முடித்துவைத்தது கதையின் தருக்கம் அன்று, மூலதனத்தின் தருக்கமே.

அவ்வாறாயின், தொடர் என்னும் வடிவமே பிற்போக்கானதா? அன்று என்பதற்கு ஆங்கில நகைச்சுவை மாயப்புனைவிலிருந்து ஒரு சான்று காட்டலாம். ரெறி பிராற்செற் 1983 முதல் எழுதிய 'டிஸ்க்வேர்ல்ட்' தொடர் 41 நாவல்களைக் கொண்டது. தட்டு வடிவ உலகொன்றில் நிகழும் அக்கதைகளின் அடுத்த நூலுக்காகவும் வாசகர் ஆண்டுதோறும் காத்திருந்தனர். ஆனால் அங்கே வரலாறு அசைகின்றது. 2000 இல் வெளிவந்த நாவலில் அந்நகருக்கு அச்சியந்திரமும் செய்தித்தாளும் வருகின்றன. 2013 இன் நாவலிற் புகையிரதம் வருகின்றது. உற்பத்திச் சக்திகள் வளர, மனித உறவுகளும் மாறுகின்றன. 1993 இன் நாவலொன்றில் நகரக் காவலர் தலைவன் வறுமையின் கணக்கைச் சப்பாத்துக்களைக் கொண்டு விளக்குகின்றான். 50 டொலர்ச் சப்பாத்துப் பத்தாண்டு உழைக்கும். 10 டொலர்ச் சப்பாத்து ஓரிரு பருவத்திற் தேயும். பத்தாண்டிலே வறியவன் 100 டொலர் செலவிட்டும் அவனது கால் ஈரமாகவே இருக்கும். சம்பள முற்பணத்திலும் கடைக் கடனிலும் வாழும் தோட்டக் குடும்பத்திற்கு இக்கணக்கை விளக்கவேண்டிய அவசியமில்லை. பிராற்செற் 2015 இல் மறைந்தார். முற்றுப்பெறாத அவரது எழுத்துக்கள் அடங்கிய கணினி வன்தட்டு, அவரது விருப்பப்படியே 2017 இல் நீராவிச் சாலையுருளையால் நசுக்கப்பட்டது. காத்திருப்பை முடிவின்றி விற்றுக்கொண்டிருக்கும் வாய்ப்பை ஆசிரியரே மூடினார்.

ஆகவே காத்திருப்பு இருவகைப்படும்: அதுவே மீண்டும் நிகழ்வதற்கான காத்திருப்பு, மாற்றத்திற்கான காத்திருப்பு. முன்னதை மலையக மக்களின் வரலாறு நன்கறியும். 1948 இற் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 இன் சட்டத்தோடுதான் தீர்வை எட்டியது. 1975 இற் கம்பனிகளிடமிருந்து அரசிற்கு மாறிய தோட்டங்கள் 1992 இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென்ற கோரிக்கை ஆண்டுக்கணக்காக இழுபட்டு 2021 இலேயே சட்டரீதியாயிற்று. அதற்குள் விலைவாசி ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் வேதாளம் மரத்திற்குத் திரும்பியது. இத்தகைய வாழ்வையுடைய வாசகர்க்கு அம்புலிமாமாவின் சுழற்சி உண்மையானதாகவே தோன்றியிருக்கும். அவர்களின் ஈடுபாடு அறியாமையால் விளைந்ததன்று. தம் அனுபவத்தின் உருவத்தை அதிலே கண்டமையால் விளைந்தது. குறை யாதெனின், அனுபவத்தைக் காட்டிய அவ்வுருவம் அதன் காரணத்தைக் காட்டவில்லை.

எனவே, வெகுசன மாயக்கதைகளைத் தடைசெய்வதோ போற்றுவதோ விமர்சனத்தின் பணியாகாது. அடுத்த இதழுக்காகக் கூடிநிற்கும் வாசகரிடம் ஒரு கூட்டு உணர்வு ஏற்கெனவே உருவாகியுள்ளது. ஒரே கதையை ஒரே வேளையில் எதிர்நோக்குவோர் தனித்தனி மனிதரல்லர். 'அடுத்து என்ன?' என்ற அவர்களின் வினாவை 'யாருக்காக இச்சுமை?' என்ற வினாவாக வளர்த்தெடுப்பதே எழுத்தாளர்க்கும் விமர்சகர்க்கும் உரிய கடமையாகும். மலையகத்துச் சிறுவர்க்கு இனி எழுதப்படும் வேதாளக் கதையிலே மன்னன் சுடுகாட்டைக் கடந்தாக வேண்டும்; துறவியின் முகத்தை வாசகர் கண்டாக வேண்டும்.