தற்செயலும் அறியாமையும்: எட்வர்ட் நெல்சனின் நூலை முன்வைத்து

மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது துடிப்பதை 1827-இல் ராபர்ட் பிரௌன் கண்டார். நீரின் மூலக்கூறுகள் இடைவிடாது மோதுவதே அதன் காரணம் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். இங்கே தற்செயல் என்பது நமது அறியாமைக்கு நாம் இட்ட பெயர். ஒவ்வொரு மோதலையும் கணக்கிட வல்லவருக்கு அது இல்லை. அணுவுலகில் காணும் நிகழ்தகவும் இத்தகையதுதானா? குவாண்டம் இயக்கவியலை நோக்கி எழுப்பத்தக்க வினாக்களுள் இதுவே தலையாயது எனலாம்.

‘ஆம்’ என்னும் விடையை நோக்கி மிகத் துணிவுடன் நடந்தவர் பிரின்ஸ்டனின் கணித அறிஞர் எட்வர்ட் நெல்சன். ஹங்கேரியரான இம்ரே ஃபெனெஷ் 1952-இல் தொட்ட வழியை அவர் 1966-இல் செம்மைப்படுத்தினார். 1985-இல் வெளிவந்த ‘குவாண்டம் ஃப்ளக்சுவேஷன்ஸ்’ என்னும் நூல் அம்முயற்சியின் முதிர்ந்த வடிவம்.

அவர் காட்டும் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அதன் பாதையோ தற்செயலானது. அலைச்சலின் அளவு நிறைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால் பெரும்பொருள்கள் நேர்த்தியாகச் செல்கின்றன, எலக்ட்ரான் தள்ளாடுகிறது. முன்னோக்கியும் பின்னோக்கியும் கணித்த சராசரி மாற்றங்களைக் கொண்டு முடுக்கத்தை வரையறுத்து, அதை நியூட்டனின் விதியில் இட்டால் ஷ்ரோடிங்கர் சமன்பாடு பிறக்கிறது. இவ்வழகை மறுப்பார் இலர்.

எனினும் நாம் மூன்று இடங்களில் தயங்க வேண்டியுள்ளது. முதலாவது, பிரௌன் கண்ட துகளை நீர் அசைக்கிறது. அந்நீரே உராய்வும் தருகிறது. நெல்சனின் துகளுக்கு உராய்வே இல்லை. அதனை அசைப்பது எது என்பதற்கு உறுதியான விடையும் இல்லை.

இரண்டாவது, 1994-இல் திமதி வால்ஸ்ட்ராம் எழுப்பிய தடை. நிகழ்தகவு சுழியாகும் இடத்தைச் சுற்றிவந்தால் அலைச்சார்பின் கட்டம் முழுச்சுற்றுகளின் மடங்காகவே மாறவேண்டும். அணுவின் கோண உந்தம் படிப்படியாக அமைவது இதனால்தான். நெல்சனின் சமன்பாடுகளிலிருந்து இந்நிபந்தனை தானே எழுவதில்லை, வெளியிலிருந்து சேர்க்கப்படுகிறது. நிறுவ வேண்டியதன் ஒரு பகுதி எடுகோளாக நுழைந்துவிடுகிறது.

மூன்றாவதே மிகக் கடினமானது. ஒருகாலத்தில் பிணைந்து பின் வெகுதொலைவு பிரிந்த இரு துகள்களில் ஒன்றின்மீது விசை செலுத்தினால், மற்றதன் பாதை உடனே மாறுகிறது. இரு வேறு பாத்திரங்களில் மிதக்கும் மகரந்தத் துகள்களுக்கு இது நேர்வதில்லை. இக்குறையை நெல்சன் மறைக்கவில்லை. தாமே வெளிப்படக் கூறினார். ஜான் பெல் 1964-இல் நிறுவிய தேற்றமும், அதனைச் சோதித்து கிளாசர், அஸ்பே, சைலிங்கர் ஆகியோர் 2022-இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளும் இவ்விடர் நெல்சனுக்கு மட்டும் உரியதன்று எனக் காட்டுகின்றன. அறியாமையைக் கொண்டு குவாண்டத்தை விளக்க முனையும் எக்கொள்கையும் தொலைவைக் கடந்த இத்தொடர்பை ஏற்றாக வேண்டும். அன்றேல் சோதனை அமைப்பை நாம் தன்னுரிமையுடன் தேர்கிறோம் என்பது போன்ற அடிப்படை நம்பிக்கை ஒன்றைக் கைவிட வேண்டும்.

இரு சமன்பாடுகள் ஒத்திருப்பதால் அவை குறிக்கும் பொருள்களும் ஒன்றாகிவிடா. இவ்வேறுபாட்டை எதிரிகளுக்கு முன்பே தம் கொள்கைக்குள் கண்டு சொன்ன நேர்மைக்காகவே இந்நூல் இன்றும் படிக்கத்தக்கது என்போம்.