பங்கிடும் கை

குடும்பத்தின் சின்னச் சின்னத் தருணங்களில் அன்பைப் பார்க்கும் கண்ணைத் தமிழ்ச் சிறுகதைக்குத் தந்தவர் வண்ணதாசன், அவருக்கு முன்னால் அது இல்லை என்றொரு பேச்சு கொஞ்ச காலமாக இலக்கிய மேடைகளில் அடிபடுகிறது. 'ஒரு சிறு இசை'க்கு 2016இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பிறகு அது கிட்டத்தட்ட முடிந்த முடிவாகவே ஆகிவிட்டது. வண்ணதாசன் பெரிய கலைஞர் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த வரலாறு தவறு. இன்று எழுத வருகிறவர்களை அது தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏறக் குழம்பு வைத்தவளின் முகம், கணவன் ருசித்துச் சாப்பிட்டதும் மலர்வதைக் கூடலூர் கிழார் குறுந்தொகையிலேயே பாடிவிட்டார். நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டிவிட்டான். உரைநடைக்கு வந்தால், கணவன் மனைவிக்கிடையே பேசப்படாமல் கிடப்பதைக் கு.ப.ரா. காதுகொடுத்துக் கேட்டார். எதையும் நம்பாதவர் என்று பெயர் வாங்கிய புதுமைப்பித்தன்தான் 'செல்லம்மாள்' எழுதினார். பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடையில் நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, நோயில் கிடக்கும் மனைவிக்கு அடுப்பு மூட்டுகிறார். பாசத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' எல்லோரும் கொண்டாடும் கதை. ரயிலில் சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தை, வேலைக்காகத் தொலைதூரம் போகும் சிறுமிக்குக் கொடுக்கிறான். அருமையான இடம்தான். ஆனாலும் தகப்பனின் பரவசம் வாசகனை முந்திக்கொண்டு அழுதுவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது.

அப்படி முந்திக்கொள்ளாதவர் கு. அழகிரிசாமி. 1923இல் இடைசெவலில் பிறந்து 1970இல் மறைந்தார். 'அன்பளிப்பு' தொகுப்புக்கு அகாதெமி விருது அவர் போன பிறகுதான் வந்தது. பாடத்திட்டத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு, மேடைகளில் மரியாதை உண்டு. எப்படி எழுதினார் என்ற பேச்சு மட்டும் குறைவு.

'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொள்வோம். தீபாவளி. ஏழை வீடு. உடம்பெல்லாம் சிரங்கோடு தெருவில் நிற்கும் ராஜா என்ற அனாதைச் சிறுவனைத் தாயம்மாள் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். தன் பிள்ளைகளோடு அவனையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி இருக்கிறது. அதற்கு மேல் வீட்டில் இருக்கும் புதுசு, புருஷனுக்கென்று எடுத்த துண்டு ஒன்றுதான். அதை ராஜாவுக்குக் கொடுக்கச் சொல்வது அவளுடைய சின்ன மகள் மங்கம்மாள். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருப்பதைக் கொடுப்பதென்றால் தாயம்மாள் யோசிக்கவே வேண்டியதில்லை. இங்கே ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. அந்த இன்னொருவர் அவளுடைய புருஷன். வெறும் துண்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் முழு மனசையும் அழகிரிசாமி எழுதிவிடுகிறார். உருக்கமான வர்ணனை எதையும் அவர் தேடிப்போகவில்லை. 'அன்பளிப்பு' கதையில் வரும் சாரங்கன் இதற்கு மறுபக்கம். பங்கு கிடைக்காத பிள்ளை அவன். தானே ஒரு டைரியை வாங்கிவைத்துக்கொண்டு, அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். அன்புக்காரர்களுக்கும் கை தவறும், ஒரு பிள்ளை விடுபட்டுப்போகும் என்று எழுத அழகிரிசாமிக்குத் தயக்கமில்லை.

அதே இடைசெவலின் கி. ராஜநாராயணன் 'கன்னிமை'யில் இன்னும் கடுமையான கேள்வியைக் கேட்டார். பிறந்த வீட்டில் அள்ளிக்கொடுத்த நாச்சியாரம்மா, குடித்தனம் ஏற்றதும் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கிறவளாகிறாள், கணவன் திகைத்துப்போகிறான். பாசம் வற்றிவிட்டதா, அந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறதா? கி.ரா. பதில் சொல்வதில்லை. ஆர். சூடாமணியும் (1931–2010) அப்படித்தான். நூற்றுக்கணக்கில் எழுதிய அவரை 'மென்மையானவர்' என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவைத்தது நம் விமர்சனத்தின் சோம்பேறித்தனம். நெடுநாள் கழித்துச் சந்திக்கும் அக்கா தங்கைகள், பேசப்பேச ஒருவருக்கொருவர் வேற்றாளாகிப்போகும் 'அந்நியர்கள்' கதையில் என்ன மென்மை இருக்கிறது? கூடியிருந்து காபி குடிக்கிற அதே பொழுதில் உறவு இழை இழையாகப் பிரிவதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு அம்பை வந்து, இந்த அன்பெல்லாம் யார் உழைப்பில் நடக்கிறது என்று கேட்டார். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் படித்தவர்களுக்குச் சமையல்கட்டு அன்பை முன்போல எழுத முடியாது, எழுதவும் கூடாது.

இத்தனையும் நடந்த பிறகுதான் இன்றைய சிறு தருணக் கதை வருகிறது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்ற அந்தப் பற்றாக்குறை வண்ணதாசனின் கதைகளில் இருந்தது. 'நிலை' கதையில் வீடே தேர் பார்க்கப் போயிருக்க, வேலைக்காரச் சிறுமி மட்டும் வீட்டுக் காவலுக்கு நிற்கிறாள். அவரைப் பார்த்து எழுதுகிறவர்கள் வெளிச்சத்தையும் வாசனையையும் எடுத்துக்கொண்டு அந்தச் சிறுமியை விட்டுவிட்டார்கள். அப்பா தலையைத் தடவுகிறார், அம்மா தோசை வார்க்கிறாள், மழை பெய்கிறது. அந்த வீட்டில் மாவு எத்தனை பேருக்குக் காணும், கடைசியில் சாப்பிட உட்காருவது யார் என்று கதைக்குத் தெரிவதில்லை. தெரியாத வரை அந்தத் தோசை வெறும் அலங்காரம்.

இமையத்தின் 'பெத்தவன்' நெடுங்கதையை அழகிரிசாமியின் நேர் வாரிசாகவே நான் படிக்கிறேன். சாதி மீறிக் காதலித்த மகளைக் கொன்றுவிடச் சொல்லி ஊர் நெருக்குகிறது. தகப்பன் இருக்கும் பணத்தையும் நகையையும் கொடுத்து அவளை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவைக்கிறார். தாயம்மாள் வீட்டுத் துண்டைப் போலவே இங்கேயும் கொடுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை உயிராகச் செலுத்துகிறார் அவர். ஆணவக்கொலைக் கதை என்ற ஒரே தலைப்பின் கீழ் அதைப் போட்டுவைத்திருக்கிறோம். அதனால்தான் மகளை அனுப்பிவைக்கும் அந்தப் பக்கங்களை, குடும்ப அன்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்களில் சேர்க்காமல் கடந்துபோகிறோம்.