கியர் பல்லில் பிறக்கும் மரை

மரை வெட்ட லேத் இருக்க மில்லிங் மெஷின் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிட்சுக்கு லேத்தே போதும். ஆனால் ஒரு சுற்றுக்கு 100 மில்லிமீட்டர் ஏறும் மரை என்றால் லேத்தின் லீட் ஸ்க்ரூ வேலைத்துண்டைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல வேண்டும், கியர்கள் திணறும். மில்லிங்கில் அது இயல்பான வேலை. மேசையின் லீட் ஸ்க்ரூ 5 மில்லிமீட்டர் பிட்ச், வேலைத்துண்டைச் சுழற்றும் டிவைடிங் ஹெட் 40-க்கு 1 என்றால், இரண்டையும் சம கியரால் இணைக்கும்போது 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. லீட் ஸ்க்ரூவில் 48 பல், ஹெட்டில் 24 பல் மாட்டினால் 100. நடுவே இன்னொரு ஐட்லர் கியர் சேர்த்தால் வலமரை இடமரையாகும். அளவு மட்டும் அசையாது. எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது. ஒரு வெட்டு முடிந்து மேசை திரும்பும்போது அதைச் சற்று இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்ப் பற்களுக்கு இடையிலான தளர்வால் (பேக்லாஷ்) கட்டர் வெட்டிய பள்ளத்தையே கீறிவிடும்.

கணினி வழி இயங்கும் சி.என்.சி. மெஷின்கள் வந்தபின் இப்படிக் கியர் மாட்டி வெட்டுவது வீண் உழைப்பு என்பார்கள். 1962-இல் நூற்பு இயந்திரங்களுக்காகக் கோவையில் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனமே இன்று சி.என்.சி. மெஷின்களும் செய்கிறது. நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் அதுவே சரி. ஆனால், பழைய மெஷினுக்கு இப்படி ஒரே ஒரு மரை தேவைப்படும் சிறு பட்டறைக்கு இந்தக் கியர்த் தொடர் போதும். தவிர, மரை என்பது இரண்டு நகர்வுகளின் விகிதம் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். சி.என்.சி. திரையில் அது வெறும் எண். கொங்கு நாட்டு ஐ.டி.ஐ. ஆசிரியர்களே, ஒரு முறையாவது மாணவர்களைக் கையால் கியர் மாட்டி வெட்ட வையுங்கள்.