இரத்தம் கொடுக்க வைப்பது எது? இலங்கையும் இந்தியாவும்

இலங்கையில் 2014 முதல் நோயாளிகளுக்கு ஏற்றப்படும் இரத்தம் முழுவதும், பணமோ நிர்ப்பந்தமோ இல்லாமல் தாமாக முன்வருவோர் தந்தது. நோயாளியின் உறவினரை அழைத்து, ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக இரண்டு பேரைக் கூட்டிவரச் சொல்லும் மாற்றுக்கொடை முறை அங்கே கைவிடப்பட்டுவிட்டது. இந்தியாவில் இரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது; உறவினரிடம் ஈடு கேட்பது தடை செய்யப்படவில்லை. தாமாகக் கொடுப்போர் பெருகியிருந்தாலும், பல மாநிலங்களில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த உடனே குடும்பத்தார் செய்யும் முதல் வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடுவதுதான். கொடுப்பவரின் மனத்தில் என்ன ஓடுகிறது, அவரை எதைக் காட்டி அழைக்கிறார்கள் என்பதில் இரு நாடுகளுக்கும் உள்ள வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

அளவிலும் வேறுபாடு உண்டு. இரண்டேகால் கோடி மக்கள்கூட இல்லாத இலங்கையில் ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அலகுகள் சேர்கின்றன. இந்தியாவில் சேர்வது ஒரு கோடிக்கும் மேல். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் இலங்கையர் ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்கிறார்கள்.

இலங்கையில் இரத்தம் தொடர்பான எல்லாமே சுகாதார அமைச்சின் கீழ் உள்ள ஒரே சேவையின் பொறுப்பு. அதன் தலைமையகமான தேசிய இரத்த நிலையம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. நாடெங்கும் உள்ள அரச வைத்தியசாலைகளின் இரத்த வங்கிகள் அதன் கிளைகள். சேரும் இரத்தத்தில் மிகப் பெரும்பகுதி இந்த நிலையங்களுக்கு மக்கள் நடந்து வந்து கொடுப்பதன்று. நடமாடும் முகாம்களில் கிடைப்பது. விகாரை மண்டபம், பாடசாலை, தேவாலயம், பள்ளிவாசல், தொழிற்சாலை, கிராமத்து மரணாதார சங்கக் கட்டடம் என்று முகாம் நடக்காத இடமில்லை. வைத்தியரும் தாதியரும் குளிர்ப்பெட்டிகளும் வாகனத்தில் வந்து சேரும். ஆள் திரட்டுவது, பந்தல் போடுவது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் ஊரார் பொறுப்பு.

முகாமில் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பின்பு விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியை நீல நிறச் செப்பு சல்பேட் கரைசலில் விடுகிறார்கள். துளி விரைந்து அடியில் போய்ச் சேர்ந்தால் ஹீமோகுளோபின் போதுமான அளவில் இருக்கிறது. தயங்கி மிதந்தால் கொடுக்க வந்தவர் திரும்ப வேண்டியதுதான். அடுத்து வைத்தியரின் கேள்விகள்: அண்மையில் காய்ச்சல் வந்ததா, பச்சை குத்தியதுண்டா, பாலுறவில் தொற்றுக்கு இடமான நடத்தை உண்டா. எல்லாம் சரியென்றால் 450 மில்லிலீட்டர் பை ஒன்று நிறையச் சில நிமிடங்களே போதும். பிறகு இனிப்பான பானமும் சிற்றுண்டியும் தருகிறார்கள். கொடுத்த நாளைப் பதிந்துகொள்கிறார்கள். பொருளாகக் கிடைப்பது அவ்வளவுதான். அடுத்த முறை கொடுக்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சிற்றுண்டிக்காக யாரும் வெயிலில் வரிசையில் நிற்பதில்லை. பெரும்பான்மைச் சிங்கள பௌத்தரை அங்கே கொண்டுவருவது புண்ணியம். தேரவாத மரபு தானத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: பொருளைக் கொடுப்பது, உடலின் உறுப்பைக் கொடுப்பது, உயிரையே கொடுப்பது. இரத்தம் இரண்டாம் படியில் வைத்து எண்ணப்படுகிறது. அன்னதானத்தைவிட உயர்ந்த ஒன்றை, நிலமோ பணமோ இல்லாத கூலித் தொழிலாளியும் செய்துவிட முடிகிறது என்பதில்தான் இதன் வலிமை. கொடுத்ததால் வந்த புண்ணியத்தை இறந்துபோன தாய் தகப்பனுக்குச் சேர்ப்பிக்கவும் மரபு இடம் தருகிறது. வெசாக், பொசன் போயா (பௌர்ணமி) நாள்களில் முகாம்கள் குவிவதற்குக் காரணம் இதுவே. இதே நம்பிக்கையின் மேல்தான் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961-இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். இலங்கையரின் கண்கள் பல நாடுகளுக்குப் போய்ப் பார்வை தந்தது அந்த முயற்சியால். உடலைக் கொடுப்பது அறம் என்ற எண்ணத்தை அரசு புதிதாக விதைக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழர் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் அழைப்பு வேறு வழியில் வருகிறது. யாழ்ப்பாணத்தில் முகாம் நடத்துவோர் பெரும்பாலும் விளையாட்டுக் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும். இளவயதில் இறந்த நண்பனின் நினைவு நாள், ஆசிரியர் ஒருவரின் ஆண்டுத் திவசம், கோயில் திருவிழா என்று ஏதாவது ஒரு நாளை முன்வைத்துக் குருதிக்கொடை நடக்கிறது. இறந்தவர் பெயரால் இருப்பவருக்கு உயிர் கொடுப்பது என்ற இந்த வழக்கம் துயரத்துக்கு ஒரு செயலைத் தந்திருக்கிறது. உள்நாட்டுப் போரில் இவ்வளவு பேரை இழந்த மண்ணில் அதன் அருமையைச் சொல்லி முடியாது. அதே போர்க்காலத்தில் தெற்கில், காயமடைந்த படையினருக்கென்று நடந்த முகாம்கள் கொடையைத் தேசப்பற்றோடு சேர்த்துக் கட்டின. ஆனால் பையின் மேல் ஒட்டும் சீட்டில் இரத்த வகையும் எண்ணும் காலாவதி நாளும்தான் உண்டு. கொடுத்தவரின் இனமும் மதமும் அதில் இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லா இனத்தவரும்தான்.

இந்தியாவின் கதை விற்பனையிலிருந்து தொடங்குகிறது. 1990-கள் வரை பெருநகர மருத்துவமனைகளைச் சுற்றி, பணத்துக்கு இரத்தம் கொடுத்தே பிழைத்தவர்கள் இருந்தார்கள். வறுமையால் வந்தவர்கள்; தம் நோயைச் சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும் என்பதால் மறைத்தவர்கள். எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய காலத்தில் இது எவ்வளவு கொடிய ஆபத்து என்பது தெளிவானது. எச்.டி. ஷோரி நிறுவிய ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழில்முறைக் கொடையை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்க உத்தரவிட்டது. 1998 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தேசிய, மாநில இரத்த மாற்றுக் குழுமங்கள் அந்தத் தீர்ப்பின் விளைவாகவே உருவாயின.

விற்பவரை விலக்கிய இடத்தை நிரப்பியது குடும்பம். உடன்பிறந்தவர், மைத்துனர், அலுவலக நண்பர் எனத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவது நோயாளி வீட்டாரின் கடமையாகிவிட்டது. வெளியூரிலிருந்து பெருநகர மருத்துவமனைக்கு வந்து, ஆள் பழக்கம் இல்லாமல், கையில் வகையும் அலகும் எழுதிய சீட்டோடு இரத்த வங்கி வாசலில் நிற்கும் ஒருவரைப் பார்த்தால், இந்த முறையின் கொடுமை விளங்கும். அவரைப் போன்றவர்களை நம்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு உறவினர் என்று கையெழுத்துப் போடுபவரை எந்தப் படிவத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. 2008-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஏழைத் தொழிலாளர்களை அடைத்துவைத்து இரத்தம் உறிஞ்சி விற்ற கும்பல் பிடிபட்டது, தடைக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு.

உறவினர் கொடுப்பது அன்பினால்தானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். அன்பு இருக்கிறது, கூடவே மறுக்க முடியாத நெருக்கடியும் இருக்கிறது. மாமனாருக்காக இரத்தம் கொடுக்க வந்த மருமகன், தனக்குத் தொற்று வாய்ப்பு உண்டென்று உறவினர் சூழ நிற்கும்போது சொல்வானா? 2018 இறுதியில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றியது. அந்த இரத்தம் ஓர் இளைஞர் தம் உறவினருக்காகக் கொடுத்தது. 2016-இல் அவர் ஒரு முகாமில் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மை தெரிந்ததும் தாமே ஓடிவந்து சொன்னார்; அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த இளைஞரின் நோக்கத்தில் ஒரு களங்கமும் இல்லை. பிழை அவருக்குச் சொல்லாமல் விட்டதிலும் சோதனையிலும் இருந்தது. நல்ல நோக்கம் மட்டும் இரத்தத்தைப் பாதுகாப்பானதாக்கிவிடாது என்பதற்கு இது வலிமிகுந்த சான்று.

இந்தியாவில் தாமாகக் கொடுப்பவர்களின் உலகம் வேறு. அது இலங்கையைவிடப் பல நிறம் கொண்டது. 1980 ஏப்ரல் 24-இல் கொல்லப்பட்ட தம் குருவின் நினைவாக சந்த் நிரங்காரி இயக்கத்தினர் 1986 முதல் ஆண்டுதோறும் பெருந்திரளாகக் கொடுத்து வருகிறார்கள். பழிவாங்கலுக்குச் சிந்தியிருக்கக்கூடிய இரத்தத்தைக் கொடையாக மாற்றிய செயல் அது. வங்காளத்தில் இரத்தம் என்ற சொல்லே நேதாஜியின் அறைகூவலை நினைவூட்டும். அரசியல் கட்சிகளின் இளைஞர் அமைப்புகளும் ‘பாடா’ எனப்படும் குடியிருப்புப் பகுதிச் சங்கங்களும் அங்கே முகாம்களை வீதித் திருவிழா ஆக்கியிருக்கின்றன. தமிழ்நாட்டில் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டமும் செஞ்சுருள் சங்கமும் முதுகெலும்பு. தலைவர்களின் பிறந்தநாளுக்கும் நடிகர்களின் பிறந்தநாளுக்கும் ரசிகர்கள் வரிசையாகக் கொடுப்பதைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள், அது நியாயமன்று. கமல்ஹாசன் தம் ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக்கி இரத்த தானத்துக்கும் கண்தானத்துக்கும் திருப்பியதால் பயன்பெற்ற நோயாளிக்கு, கொடுத்தவர் யாருடைய ரசிகர் என்பது பொருட்டே இல்லை.

பெண்களின் பங்கு இந்தியாவில் மிகக் குறைவு. கொடுப்போரில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. விருப்பமின்மை இதற்குக் காரணமன்று. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கொடுக்க வந்த கல்லூரி மாணவியர் பலர் 12.5 கிராம் என்ற வரம்பைத் தொடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

இனி ஊக்கப் பரிசுகள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர் உரிமம் பெற்ற இரத்த வங்கியில் கொடுத்தால், அந்த நாளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை வரை பெறலாம். 2017 இறுதியில் வந்த ஆணை இது. சான்றிதழ், பேட்ஜ், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வக் கொடை நாளில் மேடையேற்றிப் பாராட்டு என்பவை எங்கும் உள்ளவை. சில இடங்களில் முகாம் நடத்துவோர் ஆள் சேர்க்கும் போட்டியில் பை, வீட்டுப் பாத்திரம் என்று பரிசுகளை உயர்த்திக்கொண்டே போவதும் உண்டு.

பரிசு கொடுக்கலாமா என்ற விவாதத்துக்கு அரை நூற்றாண்டு வயது. விலை வைத்தால் அறம் ஒதுங்கிவிடும், அசுத்த இரத்தம் உள்ளே வரும் என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் எழுதினார். 2008-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றில், சிறு தொகை தருவதாகச் சொன்னதும் பெண்களின் முன்வருகை குறைந்தது. அந்தத் தொகையை அறக்கட்டளைக்கு அளிக்கலாம் என்றதும் குறைவு நீங்கியது. மறுபக்கம், லாசெட்டேரா, மாசிஸ், ஸ்லோனிம் மூவரும் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில், நடைமுறையில் சோதித்த 19 வகை ஊக்கங்களில் 18 கொடையைக் கூட்டின என்று காட்டினார்கள். அமெரிக்காவில் அவர்கள் கண்ட இன்னொன்றும் உண்டு: பரிசு தந்த முகாமில் கூடியவர்களில் ஒரு பகுதியினர் பக்கத்து முகாம்களுக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

தெற்காசியாவில் கேட்க வேண்டிய கேள்வி பரிசின் மதிப்பு எவ்வளவு என்பதன்று. திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அது கிடைக்குமா என்பதுதான். கேள்விகளுக்கு உண்மை சொல்லி ஒதுக்கப்பட்ட தொழிலாளி வெறுங்கையோடு போக, பொய் சொன்னவர் குக்கரோடு போனால், அந்த முகாம் பொய்க்குச் சம்பளம் கொடுத்ததாகும். வந்தவர் எல்லோருக்கும் தேநீரும் மரியாதையும் தரும் முகாமில் இந்த ஆபத்து இல்லை. புண்ணியம் தேடி வருபவரும்கூடத் துளி மிதந்துவிட்டால் மனம் வாடுகிறார். வந்ததே தானம்தான் என்று துறவியோ அமைப்பாளரோ சொல்லி அனுப்புவது மருத்துவத்துக்கும் உதவும் சொல்.

கொடுத்த இரத்தம் பிறகு என்ன ஆகிறது என்பதும் மறுமுறை வரச் செய்யும் காரணங்களில் ஒன்று. இலங்கையில் அரச வைத்தியசாலையில் இரத்தத்துக்குக் கட்டணம் இல்லை. இந்தியாவில் பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்கும் மட்டும் கட்டணம் வாங்கலாம். அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவருக்கும் தலசீமியா நோயாளிகளுக்கும் அதுவும் விலக்கு. ஆனால் தனியார் மருத்துவமனை ரசீதில் இரத்தம் என்ற வரிக்கு எதிரே தொகையைப் பார்க்கும் கொடையாளர், தாம் இலவசமாகத் தந்ததை விற்கிறார்கள் என்றே எண்ணுகிறார். கட்டணம் எதற்கு என்று முகாமிலேயே விளக்காததால் இழக்கும் கொடையாளர்கள் கொஞ்சமல்ல.

கடைசியாகக் காலக் கணக்கு. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். நோக்கம் ஒரு நாளோடு கட்டப்பட்டிருந்தால் இரத்தமும் அந்த நாளிலேயே குவிகிறது. வெசாக் மாதத்தில் இலங்கையில் வரத்து மிகும். அங்கே ஒரே சேவை என்பதால் ஒரு நிலையத்தில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு அனுப்பலாம். அமைப்பாளரிடம் முகாமை வேறு கிழமைக்குத் தள்ளச் சொல்லலாம். அரசு, செஞ்சிலுவை, அறக்கட்டளை, தனியார் எனப் பிரிந்து கிடக்கும் இந்திய இரத்த வங்கிகளுக்கு அது எளிதன்று. 2016-இல் தொடங்கிய ‘இ-ரக்த்கோஷ்’ இணையத் தளம் எங்கே என்ன வகை இருப்பு உண்டு என்று காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியதும் முகாம்கள் அருகிவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டிய தலசீமியாக் குழந்தைக்கு விடுமுறை கிடையாது. அந்த மாதங்களில் வங்கிகள் கூப்பிடுவது எந்தப் பிறந்தநாளுக்கும் காத்திராத வழக்கமான கொடையாளர்களை: ஆண்கள் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, பெண்கள் நூற்றிருபது நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்ற விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, போன் வந்ததும் வருகிறவர்கள் அவர்கள்.