அழிக்கப்பட்ட இளமை

1938-இல் சீகலும் ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். பறத்தலும் 'சூப்பர்பாய்' என்னும் இளமைக் கதையும் பின்னர் வந்தவை. முரண்கள் பெருகவே, டி.சி. நிறுவனத்தார் 1985-86-இல் தம் வீரர்களையெல்லாம் பன்னிரண்டு இதழ்களில் ஒருங்கு கூட்டிப் பல உலகங்களை ஒன்றாக்கினர். 1986-இல் ஜான் பைர்ன் பிறப்புக் கதையைப் புதிதாக எழுதினார். முன்பு மாண்டுபோன வளர்ப்புப் பெற்றோரை அவர் வாழவைத்ததை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் சூப்பர்பாய்ப் பருவமே நிகழவில்லை என்றாரே, அதை ஏற்பதெப்படி? கம்பர் சீதையைப் பர்ணசாலையோடு பெயர்த்தெடுக்கச் செய்தார். வான்மீகியின் ஏட்டை எரிக்கவில்லையே! சூப்பர்பாயைக் கண்டு எழுச்சியுற்ற வருங்கால வீரர் குழுவின் கதையோ வேரற்று நின்றது. ஒட்டுப் போட வேண்டி, 1987-இல் இரு வரிசைகளையும் பிணைத்து, அவன் வேறொரு சிற்றுலகத்தவன் என்றனர். அக்கதையிலேயே அவனைக் கொன்றும் விட்டனர்.